தானாகச் சரியான குரூஸ் கன்ட்ரோல்

தமிழினி வந்த நேரத்தில் எபி ஒரு டாக்சியின் டாஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"பிரேக்கை மிதி தலைவா" என்றான். டாக்சிக்காரர் மிதித்தார். பிள்ளையாரின் தலைக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வட்டம் எரிந்தது. "விடு." அணைந்தது. "தனியா சுவிட்ச் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ பிரேக் அடிக்கும்போதெல்லாம் அவரு முழிச்சிக்குவாரு. ஆபத்து நேரத்துல தூங்கிகினு கீற சாமி இன்னாத்துக்கு?"

டாக்சிக்காரர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். முடிச்சூர் சாலையில் எபியின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் பேட்டரியும் ஹாரனும் விற்பதைவிட இந்தச் சாமிகள் அதிகம் விற்றன. கண்ணாடி அலமாரியில் முருகர், பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, சிலுவை, மக்கா படம் எல்லாம் வரிசையாக நின்றன. எபி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். கேட்டால், "சாமி எதுவா இருந்தா இன்னா, வயர் ஒண்ணுதான்" என்பான்.

வாசலில் நின்ற தமிழினிக்கு முப்பது வயது இருக்கும். தாடையில் காயம் காய்ந்து கறுத்திருந்தது. இடது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது.

"கோகிலவாணி மேடம் இங்கதானா அண்ணா?"

எபி கடையின் பின்பக்கத்தைக் காட்டினான். அங்கே ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். கோகிலவாணி பத்தொன்பது வருடம் விபத்துக்குள்ளான வண்டிகளைப் பார்த்து இன்ஷூரன்சுக்கு அறிக்கை எழுதியவர். நசுங்கிய தகரத்தைப் பார்த்தே உள்ளே இருந்தவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லிவிடுவார். அந்த வேலையை விட்ட பிறகு வக்கீல்கள் அனுப்பும் வழக்குகளை மட்டும் பார்த்தார். வயர் பார்க்க எபி. எபிக்கு இதில் ஆசை அதிகம். பாதி கேட்டதுமே மீதியை அவனே முடித்துவிடுவான். பெரும்பாலும் தப்பாக.

"வக்கீல் சொன்னாரு. ஆனா நீங்க சொல்லுங்க" என்றார் கோகிலவாணி.

தமிழினி சுருக்கமாகச் சொன்னாள். பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது.

வீடு அனகாபுத்தூர். கணவர் மோகன்ராஜுக்கு ஒரகடத்தில் வேலை. வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்ததால் இரண்டு வாரமாக அவள்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தாள். அந்த வியாழக்கிழமை மாலை, ஆறு ஐம்பது இருக்கும். தூறல். படப்பைக் கடைத்தெருவைத் தாண்டி, தெருவிளக்கு எரியாத இடம். முன்னால் ஒரு வெள்ளைக் கார்.

"ரொம்ப ஒட்டியெல்லாம் போகல மேடம். அந்தக் காருக்குப் பின்னாடி சின்ன சிவப்பு லைட் ரெண்டு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு. அதைப் பார்த்துட்டேதான் வந்தேன். அது பெருசாகவே இல்ல. பிரேக் போட்டா பளிச்சுனு ஆவும் இல்ல? ஆவல. திடீர்னு காரு கண்ணு முன்னாடி நின்னுது."

"கார் ஏன் நின்னுது?"

"மாடு. ரோட்டுக்கு நடுவுல."

மோகன்ராஜ் பறந்துபோய் காரின் பின்பக்கத்தில் மோதினார். மறுநாள் விடிவதற்குள் இறந்துவிட்டார். பின்னால் வந்து இடித்தது ஸ்கூட்டர். அலட்சியமாக ஓட்டி மரணம் விளைவித்ததாக ஸ்கூட்டர் ஓட்டியவள் மேல் வழக்கு.

"லைட்டு எரியலன்னு அங்கேயே கத்துனேன். போலீஸ்லயும் சொன்னேன். சனிக்கிழமை ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போனப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து காரைப் பார்த்தாரு. யாரோ உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சாங்க. மூணு லைட்டும் எரிஞ்சுது. பகல்லயே கண்ணு கூசுது. எங்க மாமியார் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'நல்லா பாருடி, பாத்துக்கோ'ன்னாங்க."

கழுத்துத் துணியை நல்ல கையால் சரிசெய்துகொண்டாள்.

"அதுலேர்ந்து எனக்கே தெரியல. நான் அந்த லைட்டைப் பார்த்துட்டு வந்தேன்னு நெனைக்கிறது நெஜமா, இல்ல வேற எங்கயாவது பாத்துட்டு இருந்தேனா... கேஸ்ல என்ன ஆனாலும் ஆவட்டும் மேடம். அவரை நான் கொன்னேனா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

"கொன்னீங்கன்னு பதில் வந்தா?"

"தெரிஞ்சு படுத்துக்குவேன். இப்ப அதுகூட முடியல."

அவள் போனதும் எபி துள்ளினான். "லூஸ் கான்டாக்ட் மேடம். மழைத்தண்ணி பல்புக்குள்ள போயிருக்கும். அப்பால காஞ்சுபோயி சரியாயிருக்கும்."

"வலது, இடது, நடுவுல மேல ஒண்ணு. மூணுலயும் ஒரே நேரத்துல தண்ணி போயி, மூணும் ஒண்ணா காஞ்சுதா எபி?"

எபி ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

*

காரின் சொந்தக்காரர் ஷ்யாம்சுந்தருக்கு சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு காலனியில் வீடு. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மேலாளர். கதவைத் திறந்தவரைப் பார்த்தால் அவரும் தூங்குகிற ஆளாகத் தெரியவில்லை. அன்றைக்கு ஆம்புலன்சில் மோகன்ராஜின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

"தாராளமா பாருங்க மேடம். மறைக்க ஒண்ணும் இல்ல. நான் பிரேக் போட்டேன். பின்னால சத்தம் கேட்டுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

வெள்ளை எஸ்யூவி, கியர் வண்டி. பின்கதவு உள்ளே அமுங்கியிருந்தது. எபி டிரைவர் சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்தான். பின்னால் நின்ற கோகிலவாணி, "மூணும் எரியுது" என்றார். எபி பழக்க தோஷத்தில் டாஷ்போர்டைப் பார்த்தான். அங்கே ஒரு முருகர் இருந்தார். வேலும் மயிலும் தலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் வட்டமும். வட்டம் எரியவில்லை.

"வேற ஏதாவது கோளாறு இருந்துதா சார், அந்தச் சமயத்துல?" என்று கேட்டார் கோகிலவாணி.

"பெருசா ஒண்ணும் இல்ல. குரூஸ் கன்ட்ரோல் மட்டும் படுத்திச்சு."

ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலேயே ஒரே வேகத்தில் வண்டியை ஓடவைக்கும் வசதி அது. ஷ்யாம்சுந்தர் வெளிவட்டச் சாலையில் தினமும் பயன்படுத்துவார். எண்பதில் வைத்து பொத்தானை அழுத்தினால் போதும்.

"அந்த வாரம் திங்கக்கிழமை எவ்வளவு அழுத்தியும் செட் ஆகல. விளக்கு வரும், போயிடும். ஆனா ஆக்சிடென்டுக்கு அப்புறம் தானா சரியாயிடுச்சு."

"தானாவா?"

"ஸ்டேஷன்லேர்ந்து வண்டியை எடுத்துட்டு வந்து ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். கை தானா பொத்தான்கிட்ட போச்சு. நின்னுடுச்சு. அதிர்ச்சியில ஏதாவது ஒயர் சேர்ந்திருக்குமோ என்னவோ."

எபி உற்சாகமானான். "புடிச்சாச்சு மேடம்! குரூஸ் மாட்டிக்கினு கீது. சார் பிரேக் மிதிக்கச் சொல்ல அது இன்னொரு பக்கம் இழுத்து..."

"சார் அன்னிக்கு குரூஸே போடல எபி. செட் ஆகலன்னுதானே சொல்றாரு." கோகிலவாணி ஷ்யாம்சுந்தர் பக்கம் திரும்பினார். "இந்த முருகர்?"

"ஆயுத பூஜைக்கு வச்சது. கிட்டுன்னு நம்ம மெக்கானிக், வீட்டுக்கே வந்து வேலை பார்ப்பான். அவன்தான் லைட் இழுத்துக் கொடுத்தான். பத்து நாள் நல்லா எரிஞ்சுது. குரூஸ் போன அன்னிக்கே அதுவும் போச்சு. ரெண்டையும் சேர்த்துதான் கிட்டுவுக்கு மெசேஜ் போட்டேன்."

போனைக் காட்டினார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. *குரூஸ் செட் ஆகல. சாமி லைட்டும் எரியல.* பதில்: *சண்டே வர்றேன் சார், ரெண்டையும் பாத்துடலாம்.*

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு வியாழக்கிழமை வந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க ஆம்புலன்ஸ்ல போயிட்டீங்க. காரை ஸ்டேஷனுக்கு யாரு கொண்டுபோனது?"

"கிட்டுதான். போன் பண்ணதும் ஓடி வந்தான். ஏழேகாலுக்கு என்கிட்ட சாவி வாங்கினான்."

வண்டியை ஒப்படைத்ததற்கான ஸ்டேஷன் தாளின் நகலை கோகிலவாணி கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒப்படைத்த நேரம் எட்டு நாற்பது.

"அங்கேர்ந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம் இருக்கும்?"

"நாலு கிலோமீட்டர்."

வண்டியை வெளிவட்டச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். எபி ஓட்டினான். எண்பதில் பொத்தானை அழுத்தினான். பச்சை விளக்கு எரிந்து நின்றது, கார் தானாகவே ஓடியது. பிரேக்கை லேசாகத் தொட்டதும் குரூஸ் விட்டுக்கொடுத்தது. ஒரு குறையும் இல்லை. முருகர் மட்டும் இருட்டாகவே இருந்தார்.

"நல்லா வேலை செய்யுது" என்றார் பின்சீட்டிலிருந்த ஷ்யாம்சுந்தர்.

"ஆமா. அதுதான் இடிக்குது" என்றார் கோகிலவாணி. "ரெண்டு பொருள் ஒரே நாள்ல கெட்டுப்போச்சு. ஆக்சிடென்டுக்கு அப்புறம் ஒண்ணு மட்டும் திரும்பி வந்திருக்கு."

திரும்பி வரும் வழி முழுக்க எபி வண்டியை மட்டும் ஓட்டினான். சேலையூரில் காரை விட்டுவிட்டு, கேம்ப் ரோட்டில் டீக்கடையில் நின்றபோதும் கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன எபி, ஒரு மணி நேரமா ஒரு தப்பான யோசனைகூட வரல?"

"தலைவலி மேடம்."

கோகிலவாணி அவனை ஒருமுறை பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கடைக்கு வரச் சொல்லலாம். அதுக்குள்ள தலைவலி போயிடுமா?"

டீ ஆறி ஆடை படிந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெள்ளைக் கார் எபியின் கடைக்குள் நின்றது. எபி வாழ்க்கையில் முதல்முறையாகச் சர்ச்சுக்குப் போகாமல் இருந்தான். ஷ்யாம்சுந்தர் ஓரமாகக் கை கட்டி நின்றார். தமிழினி ஒரு நாற்காலியில். அவளிடமிருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவளுடைய மாமியார் கங்கையம்மாள். தமிழினியின் வக்கீல் சொல்லித்தான் வந்திருந்தாள்.

"இன்னாத்த காட்டப் போறீங்க? லைட்டு எரிஞ்சத என் கண்ணால பாத்தேன். நாலு பேரு பாத்தாங்க."

கிட்டு கடைசியாக வந்தான். இருபத்தெட்டு வயது. எபியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே! எவ்ளோ நாளாச்சு. இன்னா அண்ணே, இளைச்சிட்ட?"

எபி தலையை மட்டும் ஆட்டினான். கிட்டு தனியாகத் தொழில் தொடங்குவதற்கு முன்பு நாலு வருடம் இந்தக் கடையில்தான் வேலை பார்த்தான்.

கோகிலவாணி உட்காரவில்லை. காரின் மேல் கை வைத்துக்கொண்டு பேசினார்.

"பிரேக் பெடலுக்கு மேல ஒரு சுவிட்ச் இருக்கு. பெடலை மிதிச்சா அதுலேர்ந்து கரன்ட் பின்னால பிரேக் லைட்டுக்குப் போகும். வண்டியில இருக்குற கம்ப்யூட்டருக்கும் அதே சுவிட்ச் ரெண்டு வழியா சேதி சொல்லும். ரெண்டு சேதியும் ஒத்துப்போச்சுன்னாதான் கம்ப்யூட்டர் குரூஸைத் தரும். ஒத்துப்போகலன்னா, 'பிரேக் மிதிச்சா எனக்குத் தெரியாம போயிடுமோ'ன்னு பயந்து குரூஸைத் தராது. திங்கக்கிழமையிலேர்ந்து சாருக்கு குரூஸ் கெடைக்கல. குரூஸ்ல கோளாறே இல்ல. கோளாறு பிரேக் லைட் லைன்ல. அந்த லைனுக்குக் கரன்ட் தர்ற பியூஸ் போயிருந்துது."

ஷ்யாம்சுந்தர் மெல்லக் கேட்டார். "பிரேக் லைட் எரியாம நான் நாலு நாள் ஓட்டினேனா?"

"உள்ள உக்காந்திருக்குறவருக்குப் பின்னால லைட் எரியுறது தெரியாது சார். வண்டி உங்களுக்கு ரெண்டு தடவை சொல்லுச்சு. குரூஸை எடுத்துச் சொல்லுச்சு. அப்புறம் முருகரை அணைச்சுச் சொல்லுச்சு."

"முருகருக்கும் இதுக்கும்..."

"முருகர் எப்ப எரிவாரு?"

"பிரேக் மிதிச்சா."

சொன்ன பிறகுதான் ஷ்யாம்சுந்தருக்குப் புரிந்தது.

"அவருக்குத் தனி வயர் கிடையாது" என்றார் கோகிலவாணி. "பிரேக் லைட் வயர்லேர்ந்து ஒரு கிளை. அந்தக் கிளை எங்கயோ உரசி, தோல் தேஞ்சு, தகரத்துல பட்டுது. பியூஸ் போச்சு. முருகரும் பிரேக் லைட்டும் குரூஸும் ஒண்ணா செத்துது. தமிழினி பார்த்த சின்ன சிவப்பு லைட்டுக்கு வேற பியூஸ். அதனால அது எரிஞ்சுக்கிட்டே இருந்துது. பெருசாகல."

தமிழினி காரின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ சனிக்கிழமை எப்படி எரிஞ்சுது?" கங்கையம்மாளின் குரல் உயர்ந்தது. "நான் பாத்தனே!"

"வியாழக்கிழமை ஏழேகாலுக்கும் எட்டு நாப்பதுக்கும் நடுவுல ஒருத்தர் பியூஸை மாத்தியிருக்காங்க. திரும்பவும் போயிடக் கூடாதுன்னு முருகருக்குப் போற கிளையை வெட்டியிருக்காங்க. அதனாலதான் குரூஸ் வந்துது, முருகர் வரல. தானா சரியாகுற வண்டியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல."

எல்லோரும் கிட்டுவைப் பார்த்தார்கள்.

"இன்னா மேடம், நாலு கிலோமீட்டருக்கு லேட் ஆச்சுன்னா நான் மாத்துனேன்னு அர்த்தமா? டிராபிக்குல நின்னேன்."

கோகிலவாணி டாஷ்போர்டுக்குக் கீழே பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். மூடியின் உட்புறம் எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. "பிரேக் லைட், பத்து ஆம்பியர். பத்துன்னா செகப்பு." டார்ச் அடித்தார். அந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு பியூஸ் இருந்தது. சுற்றியிருந்தவற்றின் மேல் தூசு படிந்திருந்தது. அது மட்டும் பளபளவென்று இருந்தது. "பதினைஞ்சு. கம்பெனி போட்டது இல்ல. ரோட்டோரமா இருட்டுல, பையில இருந்ததை எடுத்துப் போட்டது."

"எப்ப போட்டதுன்னு பியூஸ்ல எழுதியா கீது?"

"பியூஸ்ல எழுதல. கம்ப்யூட்டர்ல எழுதியிருக்கு." ஸ்கேனரை வண்டியில் மாட்டித் திரையைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டு சேதியும் ஒத்துப்போகலன்னா அதை ஓடின கிலோமீட்டரோட குறிச்சு வச்சுக்கும். மொதல் தடவை நாப்பத்தோராயிரத்து எரநூத்தி ஆறு. கடைசித் தடவை நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி எண்பத்தெட்டு. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்ல. பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன்ல நின்ன வண்டியைப் பார்த்து எழுதின கிலோமீட்டர் இது."

அறிக்கையின் நகலை நீட்டினார். 41,392.

"நாலு கிலோமீட்டர் வித்தியாசம்" என்றார். "வண்டி ஸ்டேஷனுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால கடைசியா ஒரு தடவை பிரேக் மிதிச்சிருக்காங்க, லைட் எரியல. அந்த இடத்துல ஒரு மாடு நின்னுக்கிட்டு இருந்துது."

கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நான் யாரையும் கொல்லல மேடம்." என்றான் கிட்டு. "ஒரு பியூஸ்தான் மாத்துனேன். நான் போகச் சொல்ல இந்த அக்கா ரோட்டுல உக்காந்துகினு 'லைட்டு எரியல, லைட்டு எரியல'ன்னு கத்திகினு இருந்தாங்க. அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சுது. சாரு போட்ட மெசேஜு... ரெண்டையும் சேத்துப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அவசரத்துல பாத்துட்டு உட்டுட்டேன். நான் இழுத்த வயருனு தெரிஞ்சா என் பொழப்பே பேஜாராயிடும். அதான்..."

தமிழினி முதல்முறையாக வாய் திறந்தாள். "சனிக்கிழமை உள்ள உக்காந்து பிரேக்கை மிதிச்சது யாரு?"

கிட்டு தரையைப் பார்த்தான்.

"நீதானா?"

"ஆமா அக்கா."

"நான் பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்தேன். உனக்குத் தெரியுமா?"

"கண்ணாடியில தெரிஞ்சீங்க."

எபி அதுவரை கல்லா மேசையில் சாய்ந்து நின்றிருந்தான். கோகிலவாணி டார்ச்சை அவனிடம் நீட்டினார். எபி வாங்கிக்கொண்டு, டிரைவர் பக்கம் மல்லாந்து படுத்து, பெடலுக்கு மேலே வெளிச்சத்தை அடித்தான். என்ன இருக்கும் என்று அவனுக்கு வெளிவட்டச் சாலையிலேயே தெரிந்துவிட்டது. பார்க்காமல் இருக்க முடியாதா என்றுதான் நான்கு நாள் தவித்தான்.

பெடலைத் தாங்கும் இரும்பின் விளிம்பில் கறுப்பாக ஒரு தீக்காயம். அதன் பக்கத்தில் வெட்டிவிட்ட வயரின் நுனி. அது பிரேக் லைட் வயரோடு சேரும் இடத்தில் மூன்று முறுக்கு, ஒரு மடிப்பு, மேலே குறுக்காகச் சுற்றிய கறுப்பு டேப்.

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"இந்த முறுக்கு என்னுது" என்றான். "கிட்டு போட்டதுதான். ஆனா முறுக்கு என்னுது. மூணு சுத்து, ஒரு மடி. தனியா பியூஸ் போட்டு வேற லைன்லேர்ந்து இழுக்கணும்னா அரை நாள் ஆவும். பிரேக் வயர்லேர்ந்தே கிளை எடுத்தா பத்து நிமிஷம். இந்த வேலையை எங்கேர்ந்தோ நான் கத்துக்கல. நானா கண்டுபுடிச்சேன். பெருமையா ஊர் பூரா சொன்னேன். இவனுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான்."

"அண்ணே, அந்த வயரை இரும்பு மேல உரசவிட்டது நான்" என்றான் கிட்டு.

"நீ வாய மூடு."

கோகிலவாணி கேட்டார். "இதைக் கோர்ட்ல சொல்லுவீங்களா எபி? வயர் பத்தின சாட்சி நீங்கதான். சொன்னா உங்க கடைக்கு இனிமே எவனும் வர மாட்டான்."

"வரலன்னா போறான்."

கங்கையம்மாள் எழுந்திருந்தாள். கிட்டுவை அடிக்கப் போகிறாள் என்று எபி நினைத்தான். ஆனால் அவள் மருமகளிடம்தான் போனாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. அதை வைக்க ஓர் இடம் இருந்தது, இப்போது அதுவும் இல்லாமல் போய்விட்டது.

"லைட்டு இல்லாத வண்டி பின்னாடி நீ ஏன்டி போன? வேற வழியா வர வேண்டியதுதான?"

தமிழினி அவளைத் தாண்டிக் கோகிலவாணியைப் பார்த்தாள்.

"மேடம், லைட்டு எரிஞ்சிருந்தா நான் நின்னிருப்பேனா? அவரு இருந்திருப்பாரா?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. எபியே சொல்லியிருப்பான். கோகிலவாணி தமிழினிக்கு நேராக வந்து நின்றார்.

"ரோடு ஈரம். கைல மாவுக்கட்டோட ஒருத்தர் பின்னால உக்காந்திருந்தாரு. நின்னிருப்பீங்கன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நீங்க வேற எங்கயும் பாத்துட்டு வரல. அந்த லைட்டைத்தான் பாத்துட்டு வந்தீங்க. அதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

தமிழினி தலையாட்டினாள். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. அழவில்லை. எழுந்து, காரின் பின்பக்கம் போய், அமுங்கிய தகரத்துக்குப் பக்கத்தில் நின்றாள். நல்ல கையால் அணைந்துகிடந்த விளக்கின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். கங்கையம்மாள் தூரத்திலேயே நின்றாள். இருவரும் அனகாபுத்தூருக்கு ஒரே ஷேர் ஆட்டோவில்தான் போக வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு வக்கீல் வந்து கிட்டுவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். ஷ்யாம்சுந்தர் காரை எடுத்துக்கொண்டு போக மறுத்துவிட்டார். சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்து போனார்.

எபி கண்ணாடி அலமாரியைத் திறந்தான். முருகர், பிள்ளையார், மாதா, சிலுவை எல்லாவற்றையும் எடுத்து ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கினான். பிறகு போனை எடுத்தான். *சாமி லைட்* என்று போட்டுப் பதிந்துவைத்திருந்த பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை.

"எத்தனை?" என்று கேட்டார் கோகிலவாணி.

"முந்நூறு தாண்டும் மேடம். நான் இழுத்தது மட்டும்."

முதல் மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காவது ஆள் எடுத்தார். படப்பையில் மளிகைக் கடை வைத்திருக்கும் முனிரத்தினம். போன வருடம் வாங்கிய வேன்.

"சார், எபி பேசறேன். வண்டி வீட்லயா கீது? ஒரு ஒதவி. உள்ள உக்காந்து பிரேக்கை மிதிங்க... எரியலயா? எத்தனை நாளா? இல்ல சார், சாமிய வுடுங்க. சாமிய அப்பால பாத்துக்கலாம். வூட்ல யாராச்சும் இருந்தா வண்டிக்குப் பின்னால போயி நிக்கச் சொல்லுங்க. ஆங். இப்ப மிதிங்க."

எபி காத்திருந்தான். மறுமுனையில் கதவு திறக்கும் சத்தமும், செருப்புத் தேயும் சத்தமும் கேட்டன. பிறகு தூரத்திலிருந்து ஒரு பெண் குரல், சலிப்போடு.

"இன்னாத்த பாக்கச் சொல்றீங்க? இங்க ஒண்ணுமே எரியல."